நடப்பார்க்கு ஒரு வழி

மக்கள் நடந்து செல்வதையும் மிதிவண்டியிற் செல்வதையும் ஊக்குவித்தல் வேண்டும் என்னும் பேச்சு இந்நாளில் நகராட்சி மன்றங்களிலும் அரசினர் அலுவலகங்களிலும் மிகுந்து வருகின்றது. எண்ணெய் எரித்து ஓடும் வண்டிகள் பெருகின, காற்றுக் கெட்டது, வெப்பம் ஏறிற்று, சாலைகள் நெருக்குண்டன. ஆதலின் மக்கள் நடையையும் மிதிவண்டியையும் பொதுப் பேருந்தையும் மீண்டும் நாடுதல் வேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். நல்ல பேச்சே, அதனை மறுப்பார் இலர். ஆயினும் அதன்கண் உள்ள 'ஊக்குவித்தல்' என்னும் ஒரு சொல் எமக்குச் சிறிது இடராகவே தோன்றுகின்றது. அவ்விடரை நம் கல்லூரி அன்பர்கள் முன்னிலையில் எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் நன்கறிந்த ஊர் குன்னத்தூர். அது திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சி. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமானபோது ஈரோட்டினின்று பிரிந்து அதனோடு சேர்ந்தது. கோபிசெட்டிபாளையத்திற்கும் திருப்பூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் அவ்வூர் வழியே செல்கின்றன. கிழக்கு வெளுக்கும் முன்பே அங்கு மக்கள் நடமாட்டம் தொடங்கிவிடும். பனியன் கம்பெனிகளின் வண்டிகள் வந்து நிற்கும் இடம் நோக்கிப் பெண்கள் கையிற் சோற்றுத் தூக்குடன் விரைந்து நடப்பர். சுற்றியுள்ள சிற்றூர்களினின்றும் தோட்டத்துச் சாளைகளினின்றும் பள்ளிப் பிள்ளைகள் நடந்தும் மிதித்தும் வருவர். விசைத்தறிக் கூடத்திற்குச் செல்வோர், வடநாட்டினின்று வந்து அறையெடுத்துத் தங்கித் தையற்பொறியில் வேலை செய்யும் இளைஞர், கூடை சுமந்து சந்தைக்கு வரும் மூதாட்டியர் எனப் பலரும் அதே சாலையோரத்தைப் பகிர்ந்து கொள்வர்.

இவர்களுள் எவரையேனும் 'நடமின்' என்று எந்த மன்றமேனும் ஊக்குவித்ததுண்டோ? இல்லை. வேறு வழியின்மையாலோ, பழக்கத்தாலோ, சிக்கனத்தாலோ அவர்கள் நடக்கின்றனர். இது குன்னத்தூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்பில், உழவுத் தொழிலும் வீட்டுத் தொழிலும் ஒழிந்த ஏனைய தொழில் செய்வோர் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்று நாடு முழுவதும் வினவினர். ஏறத்தாழ 4½ கோடிப் பேர் நடந்தும், 2½ கோடிக்கு மேற்பட்டோர் மிதிவண்டியிலும் செல்வதாக அக்கணக்குக் கூறிற்று. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஆகிய அனைத்திலும் சென்றோர் ஏறத்தாழ 2½ கோடியே. காரிற் சென்றோர் அவரினும் மிகச் சிலர். அக்கணக்கிற்குப் பின் வண்டிகள் பெருகியிருத்தல் உண்மையே. எனினும் நடப்போர் ஒரு சிறு கூட்டத்தார் என்று கருதுவார் தவறுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, 'நடப்போர் குறைவு; அவர்களைப் பெருக்குவோம்' என்று தொடங்கும் திட்டம் தொடக்கத்திலேயே பிழைபடுகின்றது. நடப்போர் பெருந்தொகையினராய் முன்னரே உளர். அவர்கள் வேண்டுவது வழி. இருக்கும் வழியினின்று அவர்களை விரட்டாதிருத்தலே ஒரு பேரூராட்சி செய்யத்தக்க முதற் கடமை என்பது எம் துணிபு.

இதனை எமக்கு நன்கு உணர்த்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. எம் உறவினர் இல்லத்துக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையோரம் புதிய மிதிவண்டி ஒன்று பல திங்களாகச் சாத்தியபடியே இருக்கக் கண்டோம். அவ்வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பிற் படிப்பவள். பள்ளியில் அரசினர் அளித்த வண்டி அது. 'அம்மணிக்கு ஓட்டத் தெரியாதுங்களா?' என்று அவள் தாயாரை வினவினோம். 'நல்லா ஓட்டுவாளுங்க. ரோட்டுல விடத்தானுங்க பயம். லாரி வந்தா ஒதுங்க எடம் எங்கீங்க இருக்குது?' என்றார் அவர். அப்பெண் நாள்தோறும் தந்தையின் மொபெட்டிற் பின்னமர்ந்து பள்ளிக்குச் செல்கின்றாள். தந்தைக்கு இரவு ஷிப்டு முடியப் பிந்தும் நாளில் அவளும் பள்ளிக்குப் பிந்துகின்றாள்.

அவ்வம்மையாரின் விடையில் ஒரு நாட்டின் திட்டக் குறை முழுவதும் அடங்கியிருக்கின்றது. தமிழ்நாட்டில் மாணவர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிற்று. பின்னர் அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் ஏனை மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பாராட்டத்தக்க பெருந்திட்டமே அது. பள்ளி தொலைவில் உள்ளது என்னும் காரணத்தாற் பெண்மக்கள் படிப்பை நிறுத்துவதைத் தடுக்க எழுந்தது. ஆனால் வண்டியை அளித்த கை, அவ்வண்டி செல்ல இரண்டு முழ அகல வழியை அளிக்க மறந்தது. உருளைகள் திண்ணையோரம் காற்றிறங்கிக் கிடக்கின்றன.

மிதிவண்டி ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு முன்னரே கண்டிருக்கின்றது. 1991-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்து நடத்திற்று. அப்போது அம்மாவட்டத்தின் ஆட்சியாளராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். உழவு வேலை செய்வோர், கல் உடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஊரார் நகைப்பையும் பொருட்படுத்தாது ஓட்டக் கற்றனர். அவ்வியக்கத்தை நேரிற் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், லட்சத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று குறித்துள்ளார். தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் பேருந்தின் வரவையோ ஆடவரின் ஓய்வையோ எதிர்பாராமல் அவர்கள் கைக்கு வந்தன. அம்மகளிரின் பேரப்பிள்ளைகள் காலத்தில், வண்டியிருந்தும் ஓட்டத் தெரிந்தும் ஒரு பெண் ஓட்டமாட்டாது இருக்கின்றாள் எனின், நாம் முன்னேறினோமா பின்வாங்கினோமா என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

நிற்க. நடப்போரை முன்னிறுத்தி வழி சமைத்தல் மேனாட்டாரிடம் நாம் இரவல் வாங்க வேண்டியதொன்றன்று. கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கிடையே செல்லும் இட்டேரிகளை அறியாதார் யார்? இருபுறமும் கிளுவை வேலி, இடையிடையே வேம்பு, நடுவே ஆளும் ஆடுமாடும் கட்டைவண்டியும் செல்லும் தடம். வழியோரங்களிற் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையுடன் நடந்து வருவோன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் தக்க உயரத்தில் அது அமைந்திருக்கும். தண்ணீர்ப் பந்தலும், சாவடியும், நிழல் மரமும் அவ்வாறே. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் மங்கம்மாள் சாலை என வழங்கும் வழிகள் தென்பாண்டி நாட்டில் இன்றும் உள. அந்நாளிற் சாலை அமைத்தோர் மனக்கண்ணில் முதலில் நின்றவன் நடந்து வருவோனே என்பதற்கு இவை சான்று.

ஆயினும் பழமையை முழுதும் புகழ்தல் உண்மையாகாது. அவ்வழிகள் எல்லார்க்கும் திறந்திருந்தனவல்ல. திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்தலாகாது என்று தடை இருந்தது. அதனை எதிர்த்து 1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிற் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நம் அண்டை நகராகிய ஈரோட்டினின்று சென்று ஈ. வெ. ராமசாமிப் பெரியார் அப்போரிற் கலந்து இருமுறை சிறை புகுந்தார். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தெருக்களுட் பெரும்பாலானவை எல்லார்க்கும் திறந்து விடப்பட்டன. தெருவில் நடத்தல் என்னும் எளிய செயலுக்காக மக்கள் இருபது மாத காலம் வெயிலிலும் மழையிலும் வெள்ளத்திலும் நின்று போராடினர். சாதி விதித்த தடையும் வண்டி விதிக்கும் தடையும் ஒன்றென யாம் கூறவில்லை. முன்னதன் கொடுமை வேறு. ஆனால் பொதுத் தெரு எல்லார்க்கும் உரியது என்று பெரும்பாடுபட்டு நிலைநாட்டிய கொள்கையை, இன்று எவரும் ஆணையிடாமலே நாம் கைநெகிழ விடுகின்றோம் என்பதைக் கூறாதிருக்க இயலவில்லை.

எவ்வாறு கைநெகிழ விடுகின்றோம்? சாலையை அகலமாக்குகின்றோம், ஓரத்து மரங்களை வெட்டுகின்றோம். சாக்கடையின் மேல் இட்ட பலகைக் கற்கள் உடைந்தபடி கிடக்கின்றன. உடையாத இடத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வண்டி இல்லாத இடத்தில் விளம்பரப் பலகை நிற்கின்றது. நடப்போன் தாரிட்ட சாலைக்கு இறங்குகின்றான். அங்கே அவனுக்குப் பின்னால் லாரி வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிற் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று நடுவணரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றோர். அஃதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முதலாக நின்றது நம் தமிழ்நாடு, அவ்வெண்ணிக்கை 64,105. இவ்வெண்களைக் கண்ட பின்னும், மகளை மிதிவண்டியில் விட அஞ்சும் தாயைக் கோழை என்பார் உளரோ?

இனி, இதனைத் திருத்த நம் நாட்டில் எவரும் முயலவில்லை என்று கூறுதல் நன்றியின்மையாகும். 2006-ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையின் பயன் வண்டிகளைக் கடத்துவதன்று, மனிதரைக் கடத்துவதே என்னும் கருத்தை ஏற்றது. 2014-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி எஞ்சினில்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையொன்றை ஏற்று, இந்திய நகரங்களுள் அத்துறையில் முன்னோடியாயிற்று. தன் போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டிற்குக் குறையாமல் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒதுக்குவது அக்கொள்கையின் உறுதி. அதன் பின் பல தெருக்களில் நடைபாதை அகன்றது. தியாகராய நகரிற் பாண்டி பஜார் என வழங்கும் தியாகராயர் சாலை 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடப்போர்க்குரிய அகன்ற வளாகமாகத் திறக்கப்பட்டது. குழந்தைகள் அங்கே ஓடி விளையாடுகின்றனர். முதியோர் அமர்ந்து இளைப்பாறுகின்றனர்.

எமக்கு அதனிடத்து மகிழ்ச்சியே உண்டு. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. அழகிய தெரு ஒன்றைக் காட்டி, 'இதோ நடப்போர்க்கு வழி செய்தோம்' என்று கூறுதல் எளிது. கடைவீதிக்குப் பொழுதுபோக்க வரும் நகரத்தார்க்கு அது பயன்படும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வண்டியைப் பிடிக்க இருளில் நடக்கும் குன்னத்தூர்ப் பெண்ணுக்கு எவர் திட்டம் தீட்டுவார்? நிறுவனங்களும் வல்லுநரும் பெருநகரங்களுக்கு வருகின்றனர். பேரூராட்சிக்கு எவரும் வருவதில்லை. ஆதலின் அப்பணி பேரூராட்சியே தன் கையாற் செய்யவேண்டியதாகின்றது.

அங்கே ஓர் இடையூறு. ஊர் நடுவே செல்லும் பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. சாக்கடையும் தெருவிளக்கும் கிளைத்தெருக்களும் பேரூராட்சிக்கு உரியன. வண்டிகளை ஒழுங்கு செய்வது காவல் துறை. பேருந்து எங்கே நிற்பது என்பதிற் போக்குவரத்துக் கழகத்திற்கும் பங்குண்டு. கூடை சுமந்து வரும் மூதாட்டியோ இந்நால்வர் எல்லைகளையும் நூறு அடிக்குள் கடந்து செல்கின்றாள். அவள் இடறி விழுந்தாற் பொறுப்பு எவருடையது என்று வினவின், ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் காட்டுவர்.

ஆயினும் சட்டம் பேரூராட்சியைக் கைகட்டி நிற்குமாறு விடவில்லை. 1992-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகரமைப்பும், சாலையும் பாலமும், தெருவிளக்கும், வண்டி நிறுத்துமிடமும், பேருந்து நிறுத்தமும் இடம் பெற்றுள்ளன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிப்படுத்தும் உயிர்வாழும் உரிமையின்பாற்பட்டது என்று கூறிற்று. உடற்குறையுடையோரும் பயன்படுத்தத்தக்கதாக அது இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்திற்று. எனவே நடைபாதை கேட்டல் சலுகை கேட்டலன்று.

'இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கு ஆகும். நமக்கு ஆகா' என்பார் உளர். அவர்க்கு ஹாலந்து தேசத்தின் கதையைக் கூறுவோம். மிதிவண்டிக்குப் பேர்போன அந்நாடு எந்நாளும் அவ்வாறு இருந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின, மிதிவண்டியோர் ஒதுக்கப்பட்டனர். 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுட் குழந்தைகள் 400-க்கு மேற்பட்டோர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பெயருடன் பெற்றோரும் பொதுமக்களும் தெருவில் இறங்கினர். 1973-ஆம் ஆண்டில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளிற் கார்கள் நிறுத்தப்பட்டன. வெறுஞ்சாலையில் மக்கள் மகிழ்ந்து உலாவினர். அதன் பின்னரே மன்றங்கள் மனம் மாறின. அந்நாட்டார் பிறவியிலேயே நல்லவராயிருந்ததனால் அம்மாற்றம் வரவில்லை. பிள்ளைகளை இழந்த தாய்தந்தையர் வாளாவிருக்க மறுத்ததனால் வந்தது.

இனிக் குன்னத்தூரைப் போன்ற ஒரு பேரூராட்சி செய்யத்தக்கவை யாவை என்பதை எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவிற் கூறுவோம்.

முதற்கண், எண்ணுக. நடப்போர் எத்தனை பேர், மிதிவண்டியோர் எத்தனை பேர், எவ்வேளையில், எவ்விடத்திற் சாலையைக் கடக்கின்றனர் என்னும் கணக்குக் கையில் இல்லாதவரையில், மன்றத்தின் மேசைமேல் வண்டிகளின் கணக்கே பேசும். சந்தை நாள் ஒன்று, வேலை நாள் ஒன்று ஆக இரண்டு நாட்கள் நான்கு முனைகளில் நின்று எண்ணினாற் போதும். இதற்கு வல்லுநர் வேண்டா. கோடு கிழித்த தாளும் பென்சிலும் வேண்டும்.

இரண்டாவது, சாக்கடையைச் செவ்வையாக மூடி அதனையே நடைபாதையாக்குக. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிமுறை நடைபாதைக்கு 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்கின்றது. சாலையினும் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்கின்றது. உயரம் மிகுந்தால் முதியோர் ஏற மாட்டார். தெருவோர வணிகர்க்கு 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி இடம் வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும். அவர்களைத் துரத்திவிட்டு நடைபாதை அமைத்தல் ஓர் ஏழையின் வழிக்காக மற்றோர் ஏழையின் பிழைப்பைப் பறித்தலாகும். கடை திறந்திருக்கும் தெருவில்தான் பெண்கள் மாலை மங்கிய பின்னும் அச்சமின்றி நடக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, வேகத்தைக் குறைக்க. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்மடங்காகும் என்பதை நாம் பௌதிக வகுப்பிற் படித்தோம். அப்பாடம் தேர்வோடு முடிந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமிற் கூடிய உலக மாநாடு, நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று அறிவித்தது. பள்ளி, பேருந்து நிலையம், சந்தை ஆகிய மூவிடங்களிலேனும் சாலையைச் சற்று உயர்த்திக் கடக்கும் மேடை அமைக்குமாறு நெடுஞ்சாலைத் துறைக்குப் பேரூராட்சி தீர்மானம் நிறைவேற்றி அனுப்புதல் வேண்டும். அனுப்பிய தீர்மானத்தைத் தொடர்ந்து வினவுதலும் வேண்டும்.

நான்காவது, கம்பெனி வண்டிகள் பெண்களை இறக்கிவிடும் இடத்தினின்று அவர்கள் வீடு வரையில் விளக்கு எரியச் செய்க. ஷிப்டு முடிந்து இரவில் வருவோர் எந்த வழியே செல்கின்றனர் என்பதை அவர்களையே கேட்டறிந்து, அவ்வழிக்கு முதலில் விளக்கிடுக. மன்றத்து உறுப்பினர் ஓரிரவு அவர்களோடு நடந்து பார்த்தால் அறிக்கை எழுத வேண்டிய தேவையே இராது.

ஐந்தாவது, மிதிவண்டியையும் பேருந்தையும் இணைக்க. பேருந்து நிலையத்தருகே சைக்கிள் ஸ்டாண்டு என்பது தமிழர்க்குப் புதியதன்று. மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைகள் ஒரு காலத்தில் ஊர்தோறும் இருந்தன. அதனையே இப்போது பெருநகரங்கள் புதுமையெனப் பேசுகின்றன. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசினர் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிற்று. ஆனால் பேருந்து ஏறுவோர் ஒவ்வொருவரும் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் நடப்போரே. தோட்டத்துச் சாளையினின்று பேருந்து நிறுத்தம் வரையுள்ள இட்டேரி முள்ளடைந்து கிடப்பின், பேருந்திற் கட்டணமில்லை என்பது அங்குள்ள பெண்ணுக்குப் பயன்படாது. அவ்விட்டேரிகளைத் திருத்தி, வேம்பும் புங்கும் நட்டு, வண்டியை வைக்கச் சிறு கூரையொன்று அமைத்தாற் பெரும்பயன் விளையும்.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். வண்டி நிறுத்த இடமின்றேல் வியாபாரம் கெடும் என்பர் கடைக்காரர். அவர்கள் கடைக்கு நடந்து வருவோர் எத்தனை பேர் என்பதையும் மேற்கூறிய கணக்கிற் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும். மொபெட் இல்லாமல் உழவர் வாழ்வு நடவாது என்பர், மெய்யே. பால் கேனும் தீவனக் கட்டும் தலையிற் சுமக்குமாறு எவரையும் யாம் கூறவில்லை. வண்டி வேண்டுவோர்க்கு வண்டியும், நடப்போர்க்கு நடையும் இடரின்றி அமைதலே வேண்டுவது. நம் நாட்டு வெயிலில் எவன் நடப்பான் என்பர். பங்குனி வெயிலிலும் பழனிக்கு நடந்து செல்லும் கொங்கு நாட்டில் இக்கேள்வி எழுதல் வியப்பே. எனினும் வெயில் கொடிதுதான். அதனாலன்றோ மரம் வேண்டுமென்கின்றோம். பணமில்லை என்பர். ஒரு சாலையை அகலப்படுத்தும் செலவில் எத்தனை கல்பலகைகள் இடலாம், எத்தனை விளக்குகள் ஏற்றலாம் என்பதைப் பொறியியல் அறிந்த நம் பழைய மாணவர்கள் கணக்கிட்டுக் கூறுவார்களாக.

எல்லா மறுப்புகளுக்கும் அடியில் மறைந்து கிடப்பது வேறொன்று. நடப்பது வறுமையின் அடையாளம் என்னும் எண்ணமே அது. பிள்ளைக்கு வேலை கிடைத்தவுடன் மோட்டார் சைக்கிள் வாங்குகின்றோம். அவன் நடந்து சென்றால் உறவினர் நகைப்பர் என்று அஞ்சுகின்றோம். அவ்வெண்ணம் மாறாமல் எந்த மன்றமும் மாறாது. இவ்விடத்தில் நம் கல்லூரியும் தன்னைத் தானே நோக்கிக் கொள்ளுதல் நன்று. நம் வாயிலருகே காலை எட்டரை மணிக்கு யார் ஒதுங்குகின்றனர், யார் ஒதுக்குகின்றனர் என்பதைக் கண்டோர் அறிவர்.

இக்கல்லூரியின் கோயிலில் நாம் பலமுறை கேட்ட ஒரு பகுதி நினைவிற்கு வருகின்றது. உயிர்த்தெழுந்த இயேசு பெருமான் எம்மாவு என்னும் ஊருக்கு நடந்து சென்ற சீடர் இருவரோடு வழியிற் சேர்ந்து நடந்தார் என்று லூக்கா சுவிசேஷம் கூறுகின்றது. நடந்து செல்வோர்க்கே வழித்துணை வாய்க்கும், பேச்சும் வாய்க்கும். நம் ஊர்ச் சாலையோரத்தில் இந்நாளில் இருவர் அருகருகே நடந்து பேச இயலாது. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, பின்வரும் வண்டியை நோக்கியபடியே செல்ல வேண்டியிருக்கின்றது. 1.8 மீட்டர் என்பது இருவர் ஒருவரையொருவர் இடியாமற் செல்லத்தக்க அகலம். விதிமுறை எழுதினோர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது இரண்டு நாட்கள் ஒரு முனையில் நின்று எண்ணுங்கள். அத்தாளை உங்கள் மன்றத்து உறுப்பினரிடம் கொண்டு சேர்த்து, அடுத்த கூட்டத்தில் படிக்குமாறு கேளுங்கள். பழைய மாணவர்களுள் அலுவலகங்களில் இருப்போர் அத்தாள் வந்து சேரும்போது கோப்பிற் புதைக்காமல் ஒருமுறை அவ்விடத்திற்கு நடந்து சென்று பாருங்கள். குன்னத்தூரில் யாம் எண்ணத் தொடங்கிவிட்டோம். திண்ணையோரம் நிற்கும் அம்மிதிவண்டிக்குக் காற்றடைத்து வைக்குமாறு அவ்வம்மையாரிடம் கூறியும் வந்தோம். 'வழி ஆகட்டுங்க, அப்புறம் பார்க்கலாமுங்க' என்றார்.